மூன்றடி ஏப்ரனுக்கு ஒரு பேனர்

நெட்டில் எடுத்த ஏப்ரனுக்குத் துணி வெட்டும் அளவுப்படம் ஏ4 தாளில் பொம்மை அளவுக்குத்தான் வந்தது. என்னோடு ஏலக்காய் தரம் பிரிக்கும் ஆறு பேருக்கும் தைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டேன்.

ஜெராக்ஸ் கடையில், "இம்புட்டுப் பெருசா வராதுக்கா, ஃப்ளெக்ஸ் கடைக்குப் போங்க" என்றார்கள்.

போனேன்.

பேனர் அடிக்கும் அண்ணன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா விசேசம்? போட்டோ எங்க?"

"விசேசமெல்லாம் இல்லண்ணே. இந்தப் படம் மூணடிக்கு வேணும், வெரசா. வாட்ஸ்அப்ல அனுப்பிருக்கேன்."

மாலையில் வாங்கினேன். அளவு துல்லியம். மூலையில் என் வாட்ஸ்அப் போட்டோ, கீழே 'வருக வருக'.

"எடத்தச் சும்மா விட மனசு வரலம்மா. மிச்சத் துண்டுதான், காசு வேணாம்."

நன்றி அண்ணே. ஆறு ஏப்ரனுக்கும் துணி வெட்டியாயிற்று.

எங்கள் ஊர் போடியில் என் முகம் போட்ட முதல் பேனர். மடித்து வைக்க எனக்கும் மனசு வரவில்லை.

எந்த முச்சந்தியில் கட்டலாம், சொல்லுங்கள்.