தேவாரமும் பிரஷர் குளிசையும்

ஊர்காவற்றுறையில் எங்கள் கோயிலுக்கு வந்த இளம் சாமியார் புத்தகம் பாராமல் தேவாரம் பாடினார். குரலில் மயங்கிய நிர்வாக சபை, வேறெதுவும் விசாரியாமல் சமய வகுப்பை அவரிடம் ஒப்படைத்தது. சபைத் தலைவர் என் கணவர்.

கந்தசஷ்டி விரதத்தில், "குளிசை வேண்டாம், முருகன் பார்த்துக்கொள்ளுவார்" என்று சாமியார் வகுப்பில் சொல்ல, அதைக் கேட்டிருந்த என் கணவர் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். பூசையில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் இவர் கண் திறக்கும்வரை எனக்கு உயிரே இல்லை.

கட்டிலருகே அழுதபடி நின்ற சாமியாரைத் திட்ட மனம் வரவில்லை. கணவரிடம்தான் சொன்னேன்: "நல்லாப் பாடினா எல்லாம் தெரியுமெண்டு நினைச்சது உங்கட பிழை."

இப்போது யார் வகுப்பெடுத்தாலும் கோயிலைச் சேர்ந்த எங்களில் ஒருவர் முறைவைத்துப் பின்னால் இருந்து கேட்கிறார். போன வெள்ளி இவருடைய முறை. சாமியார் தேவாரம் தொடங்குமுன் இவரைப் பார்த்தார்.

"அண்ணை, குளிசை போட்டனீங்களோ?"

"ஓம், சாமி."

அதன்பிறகே பாட்டு வந்தது.