மெர்சியை நான் பேச விடவில்லை

கல்லூரி முடிய மூன்று மாதமே இருந்தது. போலாரத்திலிருந்து வரும் மெர்சி எங்கள் வகுப்பில் முதல் மாணவி. என் நெருங்கிய தோழி. ஒவ்வொரு தேர்வு முடிவிலும் சிரித்துக்கொண்டே அவளை வாழ்த்துவேன். உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பேன்.

கச்சிபௌலியிலிருந்து ஒரு மென்பொருள் நிறுவனம் எங்கள் கல்லூரிக்கே ஆள் எடுக்க வந்தது. குழு விவாதத்தில் நாங்கள் இருவரும் ஒரே குழு. பேச்சைத் தொடங்க அவளுக்குக் கொஞ்சம் நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் நான் குறுக்கே புகுந்தேன். கடைசியில், முந்தின நாள் பேருந்தில் அவள் என்னிடம் சொன்ன கருத்தையே என்னுடையதாகச் சொன்னேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு பேசவே இல்லை.

மாலையில் ஒட்டிய பட்டியலில் என் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை.

அன்றைக்கென்று அவளுடைய அப்பா ஸ்கூட்டரில் வந்து கல்லூரி வாசலில் காத்திருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

நான் பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். மெர்சிதான் சொன்னாள்: "இவளுக்குக் கிடைச்சிடுச்சுப்பா. எனக்கு இன்னிக்குப் பேச்சே வரல."

"ஹவ், ஆமாம்மா, சில நாள் அப்படித்தான் ஆகும். விடு," என்றவர் என் பக்கம் திரும்பினார். "நல்லா இரும்மா."

"தேங்க்ஸ் அங்கிள்," என்றேன்.

மறுநாள் மெர்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு பேருந்தில் என் பக்கத்தில் அவள் உட்காரவில்லை.

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், அந்த வாசலிலேயே என்னைக் காட்டிக் கொடுத்திருப்பேன்.