வார்த்தை இல்லாத தூளிப்பாட்டு

ஜெபசிங் கெட்டவன் என்று யாரும் வாயெடுக்க வேண்டாம். மாமல்லபுரத்து ஓட்டலில் சாயங்காலம் கிட்டார் வாசிக்கிற பிள்ளை. அங்கே வந்து தங்கின மடகாஸ்கர்க்காரர் ஒருத்தர், அவங்க ஊர் மூங்கில் வாத்தியப் பாட்டையெல்லாம் கிட்டாரில் எடுத்து வாசிப்பார். கட்டைவிரல் நடக்கும், மற்ற விரல் குதிக்கும். "உன் ஊர்ப் பாட்டையும் இப்படி வாசி" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இவனுக்குத் தெரிந்த ஊர்ப்பாட்டு ஒன்றுதான். அம்மா மறைமலைநகர் கம்பெனிக்கு ஷிப்டு போக, ஜெசிந்தா அத்தைதான் இவனைத் தூளியில் போட்டு ஆட்டினவள். வார்த்தையே கிடையாது, வெறும் 'ம்ம்ம்' என்று ஒரு ராகம். தாலாட்டுதானே என்று எடுத்தான். மடகாஸ்கர் குதிப்பைச் சேர்த்தான். தங்கச்சி சிநேகா கல்யாணத்தில், செங்கல்பட்டு மண்டபத்து மேடையேறி, "இது எங்க அத்தை பாட்டு" என்று மைக்கில் பெருமையாகச் சொல்லிவிட்டு ஆரம்பித்தான்.

பையன்கள் விசிலடித்து ஆடினார்கள். மாப்பிள்ளையையும் இழுத்துவிட்டார்கள். முன்வரிசைப் பொம்பளைங்க மட்டும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். பக்கத்து வூட்டுச் சந்திரம்மா எழுந்து மேடையோரம் வந்தாள்.

"டேய், நிறுத்துடா! இன்னா வாசிக்கறன்னு தெரியுதா? ஜெரோம் செத்தப்ப உங்க அத்த அவனக் கட்டிகினு அழுத ஒப்பாரிடா இது!"

ஜெரோம் அத்தைக்கு ஒரே பிள்ளை. ஜெபசிங் பிறப்பதற்கு முந்தின வருஷம் காய்ச்சலில் போனவன்.

கிட்டார் நின்றது. ஆடினவன் தூக்கின கை தூக்கினபடி நின்றான். அத்தை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போனாள். ஜெபசிங் கிட்டாரைக் கீழே வைத்தான். பின்னாலேயே ஓடினான். கை கழுவுகிற இடத்தில் நின்றிருந்தாள்.

"அத்த, சத்தியமா எனக்குத் தெரியாது."

"எப்டித் தெரியும்? நான் சொன்னாத்தான?"

"அதுக்குப் போய் ஆட வச்சிட்டேனே."

"ஆடட்டும். இருந்திருந்தா அவனுந்தான் ஆடியிருப்பான்." மூக்கைச் சிந்தினாள்.

"வார்த்தையாவது சொல்லு அத்த. இனிமே அதோட, மெதுவா வாசிக்கறேன்."

முதுகில் ஒன்று வைத்தாள். "போடா! உசுரோட கீற புள்ள காதுல அதப் பாடுவாங்களா? நீ தூளில கெடந்தப்பவே வாய மூடிகினு பாடினேன். இப்ப மட்டும் தொறப்பனா? போய்க் குந்து, பந்தி முடியப்போவுது."

பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் இலையில் பிரியாணியைத் தள்ளிவிட்டாள். எதிர்வரிசையிலிருந்து, சந்திரம்மா சொன்னது காதில் விழாத ஒருத்தன், "மச்சான், அந்தப் பாட்டு செம! இன்னொரு வாட்டி வாசி" என்றான்.

ஜெபசிங் இலையை விட்டுத் தலை நிமிரவில்லை.