கிரகோரியின் மூன்றாவது சீல்

சிங்கப்பூர்க் கப்பல் பட்டறை ஒன்றில் கிரகோரி முப்பத்தொரு வருடம் ஒழுகல் பார்த்தார். குழாயோ தொட்டியோ, எல்லா வாயையும் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, எங்கே குமிழி கிளம்புகிறது என்று பார்ப்பதுதான் தொழில். குமிழி வந்த இடத்தில் சிவப்புச் சாக்கட்டியால் வட்டம் போடுவார். வட்டம் போட்ட இடத்தை வெல்டர்கள் மறுபடி பற்றவைக்க வேண்டும். தம் தலை தெரிந்தாலே வெல்டர்கள் தேநீர் குடிக்கக் கிளம்பிவிடுவார்கள் என்பதை ஒரு விருதுபோலச் சொல்லிக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட மனிதர், அறுபத்து மூன்று வயதில், பெர்மாஸ் ஜெயாவில் தம் வீட்டுக் கார்ப்போர்ச்சில் மல்லாந்து கிடந்தார். தலைக்கு மேலே அவருடைய கார், எண்பத்திரண்டாம் வருடத்து ஜப்பான் வண்டி. அதன் வலது பின்சக்கரத்திலிருந்து ஐந்து மாதமாகச் சொட்டுகிற எண்ணெயை அவரால் நிறுத்த முடியவில்லை.

பின்சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டுக்கு ஆக்சில் என்று பெயர். அது ஓடுகிற கூட்டுக்குள் கெட்டியான கியர் ஆயில் இருக்கும். அந்த ஆயில் சக்கரத்தின் பக்கம் வராமல் தடுப்பது மோதிரம்போன்ற ஒரு ரப்பர் சீல். அது விட்டுக்கொடுத்தால் ஆயில் முதலில் பிரேக்கை நனைக்கும், மிச்சம் தரைக்கு வரும். தரையைப் பற்றி மட்டுமே மனைவி கெர்ட்ரூட்டுக்குத் தெரியும். பிரேக்கை மிதித்தால் கார் கொஞ்ச நாளாக இடதுபக்கம் இழுக்கிறது என்பதைக் கிரகோரி அவரிடம் சொல்லவில்லை. ஒரு நேரத்தில் ஒரு பாவம் போதும் என்பது அவர் கணக்கு.

ஆகஸ்டில் கெர்ட்ரூட்டின் தங்கை வந்திருந்தார். போர்ச்சில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே நடந்தார். கூடத்து வெள்ளை டைல்ஸில் ஏழு கறுப்புக் காலடி. அன்றே கெர்ட்ரூட் துணியும் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்தார். பாலர் பள்ளியில் இருபத்தாறு வருடம் பிள்ளைகளை அடக்கியவர், ஏழையும் கிரகோரி பார்க்கும்படி ஒவ்வொன்றாகத் துடைத்தார். கிரகோரி காருக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டார்.

இப்போது அக்டோபர், ஜெபமாலை மாதம். மாதாவின் சிலையான சுரூபம் ஜெபத்துக்காக வீடு வீடாக வருகிறது. இந்தச் சனிக்கிழமை மாலை இவர்கள் வீட்டு முறை. நாற்பது பேர் வருவார்கள், எண்பது வெறுங்கால்கள். ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் மண்பாண்டக் கடை வைத்திருக்கும் ஒருவர் பழைய கார்களைச் சேர்க்கிறார், இந்தக் காரை இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். புதன்கிழமை அவருடைய தொலைபேசி எண்ணைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுக் கெர்ட்ரூட் தீர்ப்பைச் சொன்னார்.

"சனிக்கிழமைக்கு அப்புறமும் ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா, திங்கக்கிழமை அவர் வந்து எடுத்துட்டுப் போவாருங்க. நான் பேசிட்டேன்."

ஓய்வு பெற்றபின் கிரகோரியின் பரிசோதனைக்குச் சம்மதித்த ஒரே ஆத்மா அந்தக் கார்தான். அதுவும் போனால் அடுத்து மனைவியின் சமையலைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும், அதற்கான துணிச்சல் அவருக்கு இல்லை.

சீல் மாற்றுவது அவருக்குப் புதிதுமல்ல. முதல் சீலை ஜூலையில் போட்டார். ஒரு வாரத்தில் ஒழுகியது. கோணலாக அடித்துவிட்டோம் என்று தம்மைத் தாமே மன்னித்தார். இரண்டாவதைச் செப்டம்பரில் போட்டார், அதுவும் ஒழுகியது. இம்முறை மன்னிக்க வேறு ஆள் தேடினார். மாசாயில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் ஜெயபாலனிடம் போய், மூன்று வாடிக்கையாளர்கள் பார்த்திருக்க, நீ விற்றது போலி என்றார்.

ஜெயபாலன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பொருள் ஒரிஜினல்தான் லா, அண்ணே. போட்ட ஆளு ஒரிஜினலான்னுதான் பாக்கணும்."

காரை விட்டுவிட்டுப் போங்கள், மத்தியானத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்றும் சொன்னார். முப்பத்தொரு வருட அனுபவம் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஆக்சிலை இழுத்தெடுக்கும் கருவியை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு, மூன்றாவது சீலையும் புது பிரேக் ஷூக்களையும் வாங்கிக்கொண்டு கிரகோரி முறைத்தபடி கிளம்பினார்.

சனிக்கிழமை காலை, ஜெபத்துக்கு வேண்டிய பூவும் பழமும் வாங்க மார்க்கெட்டுக்குப் போய்வந்த கையோடு காரை ஜாக்கில் ஏற்றினார். தேநீர்க் கோப்பையோடு வந்த கெர்ட்ரூட் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். நாலு நாள் காரை எடுக்காமல் இருந்தபோது ஒரு சொட்டுகூட விழவில்லை, ஓடிவிட்டு வந்தால் மட்டும்தான் ஒழுகுகிறது, இதைக் கவனித்தீர்களா என்று கேட்டார். ஓடினால் ஆயில் சூடாகும், சூடானால் இளகும், இதெல்லாம் பாலர் பள்ளிப் பாடத்தில் வராது என்று காருக்கு அடியிலிருந்து கிரகோரி விளக்கினார். விளக்கிக்கொண்டே, ஆயிலை வடிப்பதற்காக, முதலில் மேல் அடைப்பைத் திருகினார்.

புஸ்ஸ்ஸ் என்றது.

ஜூலையிலும் அந்தச் சத்தம் வந்தது. தம் முழங்கால் என்று நினைத்தார். செப்டம்பரிலும் வந்தது. ஜாக் இறங்குகிறது என்று நினைத்து, பதறி வெளியே உருண்டார். இன்றைக்குப் பக்கத்தில் சாட்சி இருந்தது.

"அது என்னங்க சத்தம்?"

"காத்து," என்று சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே கிடந்தார்.

காற்று. அடைத்த கூட்டுக்குள் அழுத்தத்தோடு காற்று. இருக்கவே கூடாது. சூட்டில் வீங்கும் காற்று வெளியே போவதற்கென்று ஆக்சில் கூட்டின் மேலே ஒரு மூச்சுத் துளை உண்டு, அதற்குத் தையல் விரலுறை அளவில் ஒரு மூடியும் உண்டு. கைவிளக்கை மேலே திருப்பினார். மூடி இருக்கவேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு கறுப்புப் புடைப்பு இருந்தது.

கறுப்பு அவருடையதுதான். மே மாதம், துரு பிடிக்காமலிருக்க, தார்போல ஒரு பூச்சை வாங்கி, மூன்று நாள் படுத்துக்கிடந்து காரின் அடிவயிறு முழுக்கத் தடவினார். பட்டறையில் காசு அகலம் பூச்சு விட்டுப்போனாலும் முழுவேலையையும் திருப்பியனுப்பிய மனிதர், தம் வேலையில் ஒரு புள்ளியும் விடவில்லை. மூச்சுத் துளைக்கு இரண்டு கோட்டிங்.

மூன்று சீல்களும் நல்ல சீல்கள். எல்லா வாயையும் அடைத்துவிட்டு, காற்றை வீங்கவிட்டு, எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பது உலகத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை. அதையே ஐந்து மாதமாகத் தம் காருக்கு, சம்பளமில்லாமல், செய்திருக்கிறார். செய்தது என்ன என்று தெரியாமலே. சிவப்பு வட்டம் போடவேண்டிய இடம் எது என்று யோசித்தபோது அவர் கை நெற்றிக்குப் போனது. கையில் ஆயில் இருந்தது.

பூச்சைச் சுரண்டி எடுத்தார். மூடியைக் குறடால் சுழற்றி, மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி, வாய்வைத்து ஊதிப் பார்த்தார். காற்று போனது. வடித்த ஆயிலைப் பழைய பிளாஸ்டிக் பேசினோடு, கண்ணில் படாமல், காகிதப்பூத் தொட்டிகளுக்குப் பின்னால் தள்ளினார். சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழற்றி, ஆக்சிலை இழுத்து, மூன்றாவது சீலை ஒரு மரத்துண்டு வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினார். ஆயிலில் ஊறிய பிரேக் ஷூக்களை எறிந்துவிட்டுப் புதியவற்றைப் பூட்டினார். கூட்டில் புது ஆயில் ஊற்றி அடைப்பைத் திருகியபோது மணி ஒன்று.

நன்றாகச் சூடேறட்டும் என்று கோத்தா திங்கி வரைக்கும் ஓட்டினார். பிரேக் நேராகப் பிடித்தது. திரும்பும் வழியில் மாசாயில் நிறுத்தி, கருவியைக் கொடுத்து, நடந்ததை ஜெயபாலனிடம் ஒளிக்காமல் சொன்னார். ஜெயபாலன் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்துவந்து, சுவர் நாட்காட்டியில் அன்றைய தேதிக்கு வட்டம் போட்டார்.

"வருஷா வருஷம் இந்த நாளுக்குக் கேக் வாங்கிட்டு வந்துருங்கண்ணே."

நாலு மணிக்குக் கார் போர்ச்சில் நின்றது. பழைய நாட்காட்டித் தாள்களை, வெள்ளைப் பக்கம் மேலே தெரியும்படி இரண்டு பின்சக்கரங்களுக்கும் அடியில் கெர்ட்ரூட் விரித்தார். ஒரு நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தார். ஒரு மணி நேரம். பரிசோதிப்பதைவிடப் பரிசோதிக்கப்படுவது நீளமானது என்று கிரகோரிக்கு அன்றுதான் தெரிந்தது. தாள்கள் வெள்ளையாகவே இருந்தன. கெர்ட்ரூட் அவற்றை இரண்டாக மடித்துக்கொண்டு உள்ளே போனார். எண் மட்டும் குளிர்பெட்டிக் கதவில் அப்படியே இருந்தது.

காரைச் சாலையோரத்தில் விட்டு, போர்ச்சைக் கழுவி நாற்காலி போட்டார்கள். ஏழரைக்கு மாதா வந்தார், நாற்பது பேரும் வந்தார்கள். இடம் போதவில்லை. தொட்டிகளுக்குப் பின்னால் அடுக்கியிருந்த நாற்காலிகளை வெறுங்காலோடு கிரகோரி ஓடி ஓடி எடுத்துவந்து கூடத்திலும் போட்டார். வீட்டுக்காரர் என்பதால் அவரை முன்வரிசையில், சுரூபத்துக்கு நேர் எதிரே முழந்தாளிட வைத்தார்கள்.

ஜெபமாலையின் மூன்றாவது பத்து மணிகளை உருட்டும்போது பார்த்தார். மாதாவின் மேசைக்குப் பக்கத்தில், வெள்ளை டைல்ஸில், ஒரு கறுப்புக் குதிகால். அதற்குப் பின்னால் இன்னொன்று.

வாய் ஜெபத்தை விடவில்லை. மனசு ஆயர் ஈத்தாமுக்குப் போய்விட்டது. தாள் சுத்தமாக இருந்ததே, பிறகெங்கே விட்டது, தொடாமல் விட்ட இடப்பக்கச் சீலா, வடிக்கிற அடைப்பா? பின்வரிசையில் எல்லோரையும்விட உரக்கக் கேட்டுக்கொண்டிருந்த கெர்ட்ரூட்டின் குரல் திடீரென்று நின்றது. அவரும் பார்த்துவிட்டார். கொஞ்சம் கழித்து அந்தக் குரல் மறுபடி சேர்ந்துகொண்டது, ஆனால் நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்று கிரகோரி முடிவுசெய்து, திங்கட்கிழமைக்கு மனத்தைத் தயார்செய்தார்.

சுண்டலும் காப்பியும் முடிந்து கடைசி ஆளும் போனபின் கெர்ட்ரூட் அவர் முன்னால் வந்து நின்றார். கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"நாப்பது பேரும் முட்டி போட்டிருந்தாங்க. பின்னாலருந்து எல்லார் உள்ளங்காலும் தெரிஞ்சுச்சு. ஒண்ணு விடாமப் பார்த்தேன். எல்லாம் சுத்தம், முன்வரிசையில ஒண்ணத் தவிர."

கிரகோரி சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கிப் பார்த்தார். குதிகால் கறுகறுவென்று பளபளத்தது. காகிதப்பூத் தொட்டிகளும், அவற்றுக்குப் பின்னால் தாமே தள்ளிவைத்த பேசினும் நினைவுக்கு வந்தன.

"கார் ஒழுகலைங்க," என்றார் கெர்ட்ரூட், சிரிப்பை அடக்க முடியாமல். "திங்கக்கிழமை அந்த ஆளு வந்தா உங்களத்தான் ஏத்தி அனுப்பணும்."

குளிர்பெட்டிக் கதவிலிருந்த எண்ணைக் கிழித்து, மண்ணெண்ணெய்ப் புட்டியோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தார். கிரகோரி துணியோடு தரையில் உட்கார்ந்தார். வழக்கம்போல, வேலை தொடங்குமுன் எண்ணினார். பதினொன்று. மைத்துனியைவிட நாலு அதிகம்.