என் சஹனில் உட்கார்ந்தவர்

துபாய் போறதுக்கான மெடிக்கல்லதான் எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கறது தெரிஞ்சுது. காரைக்கால் டாக்டர் சொன்னாரு: "அந்த வைரஸோட புரதம் ஈரல் செல்லுக்குள்ள எந்த மரபணு வேலை செய்யணும், எது நிக்கணும்னு மாத்திடும். கவனிக்காம விட்டா புத்துநோயாகூட ஆகலாம். மாத்திரையை நிறுத்தாதீங்க. ஆனா சேர்ந்து சாப்பிட்டா ஒட்டாது."

கடைசியா சொன்னதை வீட்டுல யாரும் காதுல வாங்கல.

மாமா மவ கல்யாணம். சஹன்ங்கற பெரிய தட்டுல நாலு பேர் சேர்ந்து சாப்பிடறது எங்க வழக்கம். என் சஹன்ல நான் மட்டும்தான். கூடப்பொறந்த அண்ணன், என் நானாவே வேற சஹனுக்குப் போயிட்டாரு. எழுந்து ஓடவும் முடியல, சோத்துல கை வைக்கவும் முடியல.

மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருத்தர் வந்து எதிர்ல உக்காந்தாரு.

"வேணாங்க, எனக்கு ஈரல்ல வியாதி."

"கேள்விப்பட்டேன் தம்பி. சோத்துல வராது."

நல்ல கறியாப் பாத்து என் பக்கம் தள்ளினாரு. ஒரு வாய் வெச்சதும் அழுதேன்.

வீட்டுக்கு வந்தா, பெத்த உம்மா எனக்குன்னு பிரிச்சு வெச்ச தட்டு மூலையில கெடந்துச்சு. செல்லுக்குள்ள நடக்கறதுக்கு மாத்திரை இருக்கு. இதுக்கு?