வெயிலில் அடித்த வேப்பெண்ணெய்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கொடைக்கானலில் ஆர்க்கிட் தோட்டமே போட்டேன். அங்கே இலை துடைக்க ஒரு அம்மா வருவார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம். ஒல்லி உடம்பு, வெடித்த விரல்கள். சோப்புத் தண்ணீர்த் துணியால் இலையின் அடிப்பக்கத்தைத்தான் முதலில் துடைப்பார்.

மாவுப்பூச்சி விழுந்தபோது, உச்சிவெயிலில் வேப்பெண்ணெய் அடிக்கப் போனேன்.

"வெயில்ல அடிச்சா எல வெந்துருங்க ஐயா. பொழுது சாயட்டுங்க."

"ஏம்மா, இந்தத் தோட்டத்த உண்டாக்குனது நீயா, நானா?"

அடித்தேன். இலைகள் கருகின. கண்காட்சிக்குச் செடி எடுக்க வந்தவர்கள் முன்னால், "இவ பாத்த வேலைதான்" என்று அவரைக் கைகாட்டி, அப்போதே வேலையை விட்டு அனுப்பினேன்.

அவரோ, கையிலிருந்த செடியின் கருகலை நறுக்கி, வெட்டுவாய் அழுகாமலிருக்க இலவங்கப்பட்டைத் தூள் தடவிவிட்டுத்தான் போனார். ஏன் செய்தார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

அது ஒன்றுதான் பிழைத்தது. பூக்கும்போதெல்லாம் என் கைவைத்தியம் என்றே சொல்கிறேன்.