காலைக் காற்றின் அளவுகள்

என் மேசை இழுப்பறையில் கோடிட்ட நீண்ட குறிப்பேடு ஒன்று இருக்கிறது. கடலோர ஈரத்தில் அதன் அட்டை உப்பியிருக்கிறது. உள்ளே, நீல மையில் நெருக்கமாக எழுதிய காற்றுவேக அளவுகள். அவற்றுள் சிலவற்றைச் சுற்றி நான் இட்ட சிவப்பு வட்டங்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஆய்வுக்கென நிறுவியிருந்த இரு காற்றாலைகளின் கருவிப் பொறுப்பாளர் எழுதிய ஏடு அது. ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் பணி அவருடையது. நானோ செங்கல்பட்டில் ஓர் அறையில் அமர்ந்து, அக்காற்றாலைகளுக்குக் கணித வடிவம் ஒன்றைச் சமைத்துக்கொண்டிருந்தேன். காற்று இவ்வளவு வீசினால் இறக்கைகள் இவ்வளவு திரும்ப வேண்டும், மின்னாக்கி இவ்வளவு சுமை ஏற்க வேண்டும் என முன்கூட்டியே சொல்லும் வடிவம். காற்றாலைகளுக்கு மேற்கே நின்ற சவுக்குத் தோப்பையும் அதில் சேர்த்திருந்தேன். நிலத்திலிருந்து வரும் காற்றை அத்தோப்பு எவ்வளவு தளர்த்தும் என்பதற்கு மாறா எண் ஒன்று. அந்த எண்ணைப் பற்றி எனக்குச் சற்றுப் பெருமிதமும் உண்டு.

ஒரு மாதம் தானியங்கிப் பதிவுக் கருவி உப்பேறி நின்றுபோகவே, அவர் மணிக்கொரு முறை அளவைப் பார்த்துக் கையால் எழுதினார். ஏடு என்னிடம் வந்தது. கடற்காற்று வீசும் பிற்பகலின் அளவுகள் என் கணிப்போடு இசைந்தன. நிலக்காற்று வீசும் காலையின் அளவுகளோ, மாதத்தின் நடுவிலிருந்து என் கணிப்பை மிஞ்சின. கருவி பழுதென்றால் பிற்பகலும் பிழைபட்டிருக்க வேண்டுமே! காலையில் இவர் பணிக்கு வரவில்லை, மனம்போனபடி எண்களை நிரப்பியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டா என ஆய்வுக் குழுவுக்கு மடலும் விடுத்தேன். அவ்வூதியத்தில்தான் அவர் மகள் கல்லூரியில் படிக்கிறாள் என்பதை அறிந்தே விடுத்தேன்.

நேரில் சொல்லாதிருப்பது முறையன்று எனத் தோன்றியதால், மறுநாள் அங்குச் சென்றேன். வண்டியைவிட்டு இறங்கியபோது வெளிச்சம் வழக்கத்தினும் மிகுதியாகக் கண்ணில் பட்டது. வெயிலின் கடுமை என்றே எண்ணினேன்.

நான் சொன்னதைக் கேட்டு அவர் குரலை உயர்த்தவில்லை. “இன்னா சார், வூட்ல குந்திகினு எழுதினேன்றீங்களா? தெனம் காலைல ஆறு மணிக்கு இந்தக் கம்பத்தாண்ட நின்னுகினு கீறேன். இங்க கீற நாய்ங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. வாங்க.”

கருவியறையைச் சுற்றி மேற்குப் பக்கம் அழைத்துச் சென்றார். தோப்பு இருந்த இடத்தில் அடிக்கட்டைகள் மட்டுமே வரிசை வரிசையாய் நின்றன. அப்பால் சாலைவரை வெறுவெளி.

“மரத்த வெட்டி லாரில ஏத்தி மூணு வாரம் ஆவுது சார். ஒங்க கம்ப்யூட்டர்லதான் இன்னும் நின்னுகினு கீது.”

“முன்பே சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“நோட்லயே எழுதி கீறேனே சார். நம்பர மட்டும் பாத்தீங்களா?”

அன்றே மடலைத் திரும்பப் பெற்றேன். குழுவின் முன் நின்று, பிழை ஏட்டிலன்று, என் மாறா எண்ணில் என்றேன். என் கணித வடிவத்தை ஏற்பதை ஓராண்டு ஒத்திவைத்தனர். அவர் பணி நிலைத்தது. மன்னிப்புக் கேட்டபோது அவர் சிரித்தார். “வுடுங்க சார். அடுத்த தபா வெட்டும்போது போன் பண்றேன். படிக்க ஒங்களுக்கு எங்க நேரம்?”

சொன்னபடியே, தோப்பு மீண்டும் வளர்ந்து வெட்டுப்பட்ட அன்று அழைத்தார். அதற்குள் நான் ஓய்வு பெற்றிருந்தேன்.

இன்றைய கட்டுப்பாட்டு முறைகள் வீசும் காற்றை நொடிக்கு நொடி அளந்து தம்மைத் திருத்திக்கொள்கின்றன. என்னைத் திருத்திக்கொள்ள இவ்வேடு ஒன்றே உண்டு. முதல் சிவப்பு வட்டம் விழுந்த வரியின் ஓரத்தில், குறிப்புக்கென ஒதுக்கிய கட்டத்தில், நீல மையில் நான்கே சொற்கள்: ‘மேற்கே சவுக்கு வெட்ட ஆரம்பம்’. என் வட்டம் சற்றுப் பெரிதாகிவிட்டது. அதன் விளிம்பு ‘மேற்கே’ என்பதன் முதலெழுத்தின்மேல் ஏறிச் செல்கிறது.